கொடி என்றால் ஓட வேண்டும்

இன்று காலை முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்தேன். மூடியைத் திறந்ததுமே வீடு முழுக்க நீ வந்துவிட்டாய். சமையலறையிலிருந்து என் மனைவி, "யாரு, அண்ணா வந்திருக்காரா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள், கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். உன் பாட்டில்தான் இது. நேற்று ஒத்திகை முடிந்து நான் நொண்டியதைப் பார்த்து உன் வீட்டுக்காரி கொடுத்தனுப்பினாள்.

நொண்டினேன் என்றதும் சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை பொங்கல் விழாவில் உன் வேஷத்தை நான்தான் போடுகிறேன். ஆமாம், அந்த ஓட்டக்காரன் வேஷம். எருமை நடனமாடின மாதிரி இருக்கிறது என்று நீ சொல்வாய், அதையும் நானே சொல்லிவிட்டேன்.

தொழிற்சாலை டீ இடைவேளைகளில் நீ வாயாலேயே சொல்லிச் சொல்லி உண்டாக்கிய நாடகம் அது. யுத்தகாலத்து ரங்கூன். ஓட்டப் பந்தயத்தில் பேர் வாங்கிய ஒரு தமிழ்ப் பையன். சண்டை வந்ததும் அவனை ரகசிய வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். செய்தியை மனப்பாடமாகச் சுமந்து எதிரி முகாமிலிருந்து ஓடி வெளியேற வேண்டும், அவ்வளவுதான் கதை. "ஒற்றன்னா ஒரு தாடி, ஒரு கறுப்புக் கண்ணாடி வேணாமா?" என்று நான் கேட்டேன். "ஓடறவனுக்கு எதுக்குடா தாடி? மூஞ்சியப் பாக்கறதுக்குள்ள அவன் போயிருக்கோணும்" என்றாய்.

அந்த வேஷத்துக்கு இளவட்டம் யாரையாவது போடலாம் என்று எல்லோரும் சொன்னோம். ஐம்பதைத் தாண்டிய நீ, பொத்தான்களைத் திணறடிக்கும் தொந்தியோடு எழுந்து நின்று, "கதை சொன்னவன் நானு, ஓடறவனும் நான்தான்" என்றாய். ஏன் அந்தப் பிடிவாதம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

மார்டள்ளி கிராமத்திலிருந்து வந்து இந்த மைசூரு மைதானங்களில் ஓடி ஜெயித்தவன் நீ. எல்லாம் கல்யாணத்துக்கு முன்னால். சாட்சிக்கு ஒரு கோப்பைகூடக் கிடையாது. உன் அம்மா அவற்றை ராகி அளக்க எடுத்துக்கொண்டாள், பிறகு ஒரு நல்ல நாளில் பழைய பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு இட்லிக் குண்டான் வாங்கிவிட்டாள். உன் வீட்டுக்காரிக்கு இது போதாதா? "அண்ணா, நீங்களே சொல்லுங்க. இவரு ஓடுனாராமா! குண்டலுபேட்டை பஸ்ஸு லேசா நகந்தாலே, அடுத்த பஸ்ஸுல போலாங்கற மனுசன்!" என்பாள். எல்லோரோடும் சேர்ந்து நீயும் சிரிப்பாய். ஆனால் ஒருநாள் டீக்கடைக்கு நடக்கும்போது, "ஒருக்கா அவ கண்ணு முன்னால ஓடிக் காட்டிப்போடோணும்டா. அது போதும்" என்றாய். உண்மையைச் சொன்னால், நீ ஓடி நானும் பார்த்ததில்லை. நம்பினேன், அவ்வளவுதான்.

அதற்காகவே அமைந்தது கடைசிக் காட்சி. முகாம் வாசலில் காவலாளி. அவனிடம் ரகசிய வார்த்தையைச் சொன்னால் வெளியே விடுவான். ஓட்டக்காரனுக்குத் தெரிந்த வார்த்தை 'கொடி'. ஆனால் அன்று காலைதான் எதிரிகள் வார்த்தையை மாற்றியிருக்கிறார்கள். 'கொடி' என்றதும் காவலாளி துப்பாக்கியை உயர்த்துவான். அதிகாரியாக நான் "சுடு!" என்று கத்தியபடி வருவேன். நீ மேடையிலிருந்து குதித்து, நாற்காலிகளுக்கு நடுவே ஓடி, வாசல் வழியாக மறைந்துவிடுவாய். திரை.

முதன்முதலில் போட்ட வருஷம், விழா அன்று காவலாளியாக நடிக்க வேண்டியவனுக்குக் காய்ச்சல். கையில் கிடைத்தவர் நஞ்சுண்டப்பா, நமக்கு ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்குக் கொண்டுவந்தவர். நல்ல உயரம், நல்ல மீசை, தமிழ் அறவே தெரியாது. வசனம்தான் இல்லையே என்று சட்டையை மாட்டி, மரத் துப்பாக்கியைக் கொடுத்து, "அவர் ஒரு வார்த்தை சொல்வார், உடனே துப்பாக்கியைத் தூக்குங்கள்" என்று கன்னடத்தில் சொல்லி நிறுத்தினோம். எந்த வார்த்தை என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் மார்க்கெட்டில் "அரை கிலோ பீன்ஸ் கொடி, கொத்தமல்லி கொடி" என்று கன்னடத்தில் கேட்டு வாங்குகிற ஜனம் நாம். கன்னடத்தில் கொடி என்றால் 'கொடுங்கள்' என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் யாருக்கும் உறைக்கவில்லை.

நீ பதுங்கி வந்தாய். இடமும் வலமும் பார்த்தாய். தணிந்த குரலில், "கொடி" என்றாய்.

நஞ்சுண்டப்பா உன்னைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். மரியாதையாகக் கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். இரண்டு கையாலும் ஏந்தி, "தகொள்ளி சார்" என்று, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டிவிட்டார்.

கூடத்தில் கூரை போய்விடும் போல ஒரு சிரிப்பு. முன்வரிசையில் உன் வீட்டுக்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். மறைவில் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரைச் சுடச் சொல்வது, எதை வைத்துச் சுடச் சொல்வது? அதைவிட, துப்பாக்கியே உன் கைக்கு வந்துவிட்டால் நீ எதற்கு ஓட வேண்டும்? போச்சு, இவன் ஆசை போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

நீ துப்பாக்கியைப் பார்த்தாய். முன்வரிசையைப் பார்த்தாய். "பேடா சார், நீவே இட்கொள்ளி" என்று, வேண்டாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று, அதை அவர் கையிலேயே திருப்பி வைத்தாய். கூட்டத்தைப் பார்த்துத் தமிழில், "துப்பாக்கிய வெச்சுட்டுச் செயிக்கறதுக்கு நானெதுக்கு? எனக்குக் காலு இருக்குது!" என்றாய். குதித்தாய்.

தொந்தி எங்கே போனதோ தெரியவில்லை. முதுகு நிமிர்ந்தது, முழங்கால் எழும்பியது, குதிகால் தரையில் படவே இல்லை. வாசலோடு நிற்க வேண்டியவன் நிற்காமல் மைதானத்துக்குள் போய்விட்டாய். திரையை எங்கே போடுவது? நான் வாய்க்கு வந்தபடி, "பிடி அவனை!" என்று கத்தி, கையை வேறு காட்டினேன். நஞ்சுண்டப்பா நிஜமாகவே துப்பாக்கியோடு உன் பின்னால் ஓடினார். கூடமே எழுந்து வாசலுக்கு வந்தது. எல்லோருக்கும் முன்னால் நின்று உன் வீட்டுக்காரி, "ஓடுங்க! ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

மைதானத்தை முழுசாகச் சுற்றிவிட்டு நீ வந்து நின்றாய். நஞ்சுண்டப்பா அந்தக் கோடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் உனக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டி, அத்தனை பேர் முன்னாலும், "ஏனுங்க, இந்தக் கால இத்தன நாளு எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். உன் முகம் அப்போது இருந்த இருப்பை நான் மறக்கவே மாட்டேன். நாடகத்தை விடு, நிஜமான ஒற்றன் நீதான். சொந்த வீட்டுக்குள்ளேயே யாருக்கும் தெரியாத ஓட்டக்காரனாக இருந்திருக்கிறாயே.

அதோடு உன்னைச் சனியும் பிடித்தது. அப்புறம் எந்த பஸ் நகர்ந்தாலும், "ஓடுங்க, உங்களால முடியும், நான்தான் பாத்தேனே" என்று உன்னைத் துரத்தினாள். "வாயக் குடுத்து மாட்டுவாங்க, நான் காலக் குடுத்து மாட்டிக்கிட்டேன்டா" என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டே புலம்புவாய். புலம்பலில் அத்தனை சந்தோஷத்தை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

போன வருஷம் உன்னைக் கிடத்தியிருந்தபோது, துக்கம் கேட்க வந்த யாரோ ஒருவர், "என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார். தொழிற்சாலை ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றோம். அவள், "ஓட்டக்காரருங்க. என்ற கண்ணால பாத்தேன்" என்றாள். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. நான் வெளியே போய் அழுதேன்.

நேற்றைய ஒத்திகைக்கு நஞ்சுண்டப்பாதான் முதலில் வந்தார். அந்தத் தப்பை நாடகத்திலேயே சேர்த்து வருஷா வருஷம் போட்டோமே, இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கேட்பதுபோல, "கொட்லா, பேட்வா?" என்று கேட்டார். கொடுக்கட்டுமா வேண்டாமா? நான், "கொடி" என்றேன். கொடுத்தார், திருப்பிக் கொடுத்தேன், குதித்தேன். உன் வீட்டுக்காரி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்: "வாசலோட நின்னுக்கலாம்னு பாக்காதீங்கண்ணா. அவரு சுத்துனாரு."

பாதி மைதானத்தில் மூச்சு நின்றுவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். அப்போது வாசலிலிருந்து அவள் குரல் வந்தது: "ஓடுங்க!"

என்னை அவள் ஒருநாளும் 'அண்ணா' சேர்க்காமல் கூப்பிட்டதில்லை. மிச்ச மைதானத்தை நாம் இரண்டு பேருமாகத்தான் ஓடி முடித்தோம்.