தேதி ஞாயிறு வரை இருந்தது

பிரெய்லா,
வியாழக்கிழமை

அன்பு மகன் தோருவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சரகோசாவில் விடுப்பு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னாய். அதைப் பற்றி நான் எதுவும் நினைக்கவில்லை.

அப்பாவின் நாற்பதாம் நாள் சனிக்கிழமை முடிந்தது. தேவாலயத்திலிருந்து பத்துப் பேர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவர் பேரில் கொடுத்தனுப்ப ரொட்டி, சீஸ், மெழுகுவத்தி வைத்துப் பொட்டலம் கட்டியிருந்தேன். சீஸ், கடைசித் தேதி நெருங்கியவற்றை வைக்கும் அடுக்கில் பாதி விலைக்கு எடுத்தது. தேதி ஞாயிறு வரை இருந்தது.

குப்பைக்கூடையில் கிடந்த, பாதி விலை என்று போட்ட மஞ்சள் ஒட்டுத்தாளை உன் வியோரிக்கா அத்தை பார்த்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "என்ன அண்ணி, எங்க அண்ணன் பேரைச் சொல்லிக் குடுக்க, யாரும் தொடாத சரக்குதான் கெடச்சுதா? இங்க குடுக்கறதுதானே அங்க அவருக்குச் சாப்பாடு!"

எல்லோரும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். மேல்மாடி கோர்னெல் மட்டும் மென்றுகொண்டே, "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

அப்பா பத்து வருஷமாக அந்த அடுக்கில்தான் வாங்கினார். கடைப்பெண் ஒட்டுத்தாளோடு வரும்வரை காத்து நிற்பார். "தேதி கவருக்குத்தான்டி, சீஸுக்கு இல்ல" என்று சிரிப்பார். வியோரிக்கா ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நம் வீட்டில் அதைத்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சொல்லியிருக்கலாம். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தட்டுகளை எடுத்துக் கழுவினேன்.

வந்தவர்கள் எடுக்காமல் போன ஏழு பொட்டலங்கள் மேசையிலேயே கிடந்தன. எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். வாங்கியவர்கள் தேதி பார்க்கவில்லை. காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவர், "யார் பேருக்கும்மா?" என்று கேட்டார். பொம்பிலியு என்றேன். தொப்பியைக் கழற்றி, "பொம்பிலியுவை ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்றார். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் என் பஸ் போய்விட்டது. நடந்தே வந்தேன்.

வியோரிக்கா இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஆறாம் மாத நினைவு நாள் அக்டோபரில் வருகிறது. விடுப்பு கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. எனக்கு ஒன்றும் வாங்கி வராதே. இப்போதெல்லாம் அடுப்போரம் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். நீ வந்தால் மேசையில் உட்காரலாம்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா,
அக்லாயா