நம் வயல் அரிசி

போர்ட்-ஓ-பிரின்ஸ், ஹெய்ட்டி

அன்பு அம்மா,

கர்த்தர் கிருபையில் சுகம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

ராணுவ ஆட்சி ஒழிந்ததிலிருந்து, நாட்டைத் தூக்கி நிறுத்த வெளிநாட்டு அரிசி கப்பல் கப்பலாக வருகிறது. மூட்டை கொடுப்பது என் வேலை. நேற்று ஒரு வேடிக்கை. இலவச வரிசையில் நம் பக்கத்து வயல் சோனெல் மாமா, தொப்பியால் முகத்தை மறைத்தபடி நின்றார்.

"என்ன மாமா, நெல்லு வெளையுற ஊர்லேர்ந்து அரிசிக்கு வந்தீங்களாக்கும்?" என்று சீண்டினேன்.

"இது ஓசியில கெடைக்கிறப்ப நம்ம அரிசிய எவன்டா வாங்குவான்? இந்த வருஷம் ஊர்ல யாருமே நாத்து விடல. பேசாம இன்னொரு மூட்டை போடு, உங்கம்மாதான் வாங்கிட்டு வரச் சொன்னா."

போட்டேன்.

அடுத்த அரிசிக் கப்பல் ஊதிவிட்டது, ஓடவேண்டும். வாசம் மறந்துபோச்சு என்று நம் வயல் அரிசி இரண்டு பிடி கேட்டிருந்தேனே, அதற்காக அலையாதே அம்மா.

உன் மகன்,
டியூசெல்