பூட்டைத் திறந்தேன்

14-2-1955, திங்கள்

குவாரியில் பாறை உருண்டு, சேலத்திலிருந்து வந்த முனியனின் கால் முறிந்தது. முன்பணக் கடன் தீராதவன், வெளியே விட்டால் ஓடிவிடுவான், விடாதே என்று சொல்லிவிட்டுக் கான்டிராக்டர் சித்தூர் போய்விட்டார். குவாரி கேட்டின் சாவி, கணக்கெழுதும் ரைட்டரான என்னிடம் இருந்தது.

மதியம் வரை அவன் அலறலைக் கேட்டேன். பிறகு பூட்டைத் திறந்து, அவனையும் அவன் மனைவியையும் வண்டியில் ஏற்றிப் புத்தூருக்குக் கொண்டுபோனேன். கட்டுப் போட்டவர், எலும்பு கூடிவிடும் என்றார்.

முனியன் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "நாங்க திரும்பி அங்க வரணுமா சாமி?"

"வேணாம்மா. அரக்கோணம் ரயிலு வந்துக்கினு கீது. ஏறி ஊருக்குப் போயிடுங்க."

அவள் அழுதுவிட்டாள்.

திரும்பி வந்த பிறகும் நான் கேட்டைப் பூட்டவில்லை. உள்ளே இருக்கும் மற்றக் கூலிக்காரர்கள் என்ன செய்வார்களோ, தெரியவில்லை. நாளைக் காலையில் கான்டிராக்டர் வந்து கேட்டால், நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிடுவேன். வேலை போனால்... போகட்டும். இன்று வயிறாரச் சாப்பிட்டேன். கண் சொக்குகிறது.