கையில் கட்டிய மெஷினும் வேலைக்கு வருகிறது

பெரியவனே,

நான் லாண்டரிக்குப் போகிறேன். கையில் கட்டிய பிரஷர் மெஷினோடுதான் போகிறேன். "ஒரு நாள் லீவு போட்டுப் படும்மா, அப்பத்தான் நம்பர் கம்மியா வரும்" என்று நேற்று சாயங்காலம் குதித்தாயே, படுத்துக் கிடப்பவளின் பிரஷர் எனக்கெதற்கு? நான் நாளெல்லாம் ஈரப் போர்வை தூக்குகிறவள்.

நேற்று மத்தியானம் இதைக் கட்டிவிட்ட டாக்டரம்மா, "நாள் முழுக்க அரை மணிக்கொரு தரம் இதுவே இறுக்கிப் பார்த்துக்கும். தினமும் செய்யறதையே செய்யுங்க, பட்டை இறுக்கும்போது மட்டும் கையை அசைக்காதீங்க" என்றுதான் சொன்னார். இறுக்கும்போது போர்வையைக் கீழே போட்டுவிட்டு நிற்பேன். சூப்பர்வைசர் முறைத்தால் முறைக்கட்டும். ஆஸ்பத்திரியில் மட்டும் பயத்தில் பிரஷர் ஏறுகிறதா, எப்போதுமே ஏறித்தான் கிடக்கிறதா என்று பார்க்கத்தானே இந்தக் கூத்து? அதிலும் ஏமாற்று வேலையா?

ஏறியிருந்தால் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். வேலையை விடு என்ற பேச்சை மட்டும் எடுக்காதே.

குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடு. முட்டை இரண்டும் உனக்குத்தான். வெளியே போனால் சாவியை என் பழைய செருப்புக்குள் வை. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர நேரமாகும்.

அம்மா

இன்னொன்று. நேற்று நீ கத்தியபோதும் பட்டை இறுக்கிக்கொண்டுதான் இருந்தது. அதுவும் பதிவாகியிருக்கும். டாக்டரம்மா கேட்டால், டிவியில் சண்டைப் படம் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அந்த ஒரு பொய் மட்டும் உனக்காக.