இருபத்தாறு சிவப்புக் குறிகள்

மார்ச் 4

என்னங்க,

நானும் சிட்டுவும் நலம். அக்கா வீட்டில் ஒரு குறையும் இல்லை. போன் என்றால் உங்களுக்குப் பேச்சே வராது, அதனால் எழுதுகிறேன்.

நம் மகளுக்கு ஆட்டிசம் என்று டாக்டரம்மா சொன்னார். அது எல்லோருக்கும் ஒரே அச்சில் வராதாம். எல்லா மனிதர்களிடமும் உள்ள குணங்கள்தானாம். ஒவ்வொருவரிடம் ஒவ்வொன்று தூக்கலாக இருக்குமாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்பாவும் படிவம் நிரப்ப வேண்டுமாம். நாற்பது கேள்விகள், இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் இவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அன்று நீங்கள் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தீர்கள். "ஒரு வார்த்தை பேசினா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று அக்கா இன்னும் கேட்கிறாள்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா

மார்ச் 11

சிட்டு அம்மாவுக்கு,

நிரப்பிவிட்டேன். லிஃப்ட் பழுது பார்க்கும்போது கம்பிகளை நிறம் மாற்றிக் குறிப்பது என் வழக்கம். அப்படியே சிட்டுவுக்கு நீலம். ஏழாம் கேள்வி: திடீர்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துவாளா? ஆமாம். நானும் பொத்துவேன். சொல்லாமல் விட மனம் வரவில்லை, எனக்குச் சிவப்பில் குறித்தேன். கடைசியில் எண்ணினால் சிவப்பு இருபத்தாறு. தவறானால் டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேள்.

அந்தக் கீல் கிறீச்சிடும். அந்தச் சத்தத்தோடு நீ போனால் அது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் எண்ணெய் விட்டேன். போகிறேன் என்றாய், நம்பினேன். தடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் இருவரும் இல்லாமல் இருக்க முடியவில்லை.

சிட்டு அப்பா

மார்ச் 19

என்னங்க,

"சிவப்பு யாருங்க?" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஒரு படிவத்தை வைத்து உங்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாதாம். வேண்டுமானால் நேரில் வரலாமாம்.

எனக்குத் தலை சுற்றுகிறது. சிட்டு காதைப் பொத்தினால் மனசு உருகுகிறது. அதையே நீங்கள் செய்தபோது, என் பேச்சைக் கேட்கப் பிடிக்கவில்லை என்று பத்து வருஷம் சண்டை போட்டேன். அது தப்பா? ஆனால் நான் காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனீர்களே, அந்த வலி பொய்யா? யாருக்கும் தெரியாமல் எனக்கும் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். ஒன்பது. மருந்துக் கடை வேலையில் ஒரு டப்பா கோணலாக இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. நான் யாரை மன்னிப்பது, யாரிடம் மன்னிப்புக் கேட்பது? ஒன்றும் புரியவில்லை.

நீங்கள் ஊகிக்க வேண்டாம், உடைத்தே எழுதுகிறேன்: வாருங்கள்.

சிட்டுவின் அம்மா

மார்ச் 24

சிட்டு அம்மாவுக்கு,

அடுத்த சனிக்கிழமை காலை பத்தரைக்கு வருகிறேன். எத்தனை நாளைக்கு என்று நீ எழுதவில்லையே. சின்னப் பெட்டியா, பெரிய பெட்டியா?

சிட்டு அப்பா

மார்ச் 27

என்னங்க,

எத்தனை நாளைக்கு என்று எனக்கே தெரியவில்லை. பெரிய பெட்டியாகவே கொண்டு வாருங்கள்.

உங்கள்
சிட்டு அம்மா