மழையில்லாத ஊரில் வந்த ஆறு

அம்மா, உங்கள் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு வெனிங் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று இங்கே துளி மழையில்லை. மெராப்பி எரிமலை உச்சியில்தான் கொட்டியது. அது பழைய சாம்பலைச் சேறாகக் கரைத்து, எருமை அளவு பாறைகளைச் சுமந்துகொண்டு ஆற்றில் இறங்கியது. கல் எப்படியம்மா மிதக்கும்?

உங்கள் தம்பி அப்போதுதான் மணல் அள்ளிவிட்டுக் கரையேறியிருந்தார்.

"இனிமே ஆத்துக்குள்ள இறங்காதீங்க மாமா."

"போடி பயந்தாங்கொள்ளி! புது மணல் வந்து கிடக்கு. நான் விட்டா அடுத்தவன் அள்ளிருவான்."

மழைக்காலம் முழுக்க இறங்குவாராம். சேற்று வெள்ளம் வருவதைச் சொல்லும் எச்சரிக்கை வானொலியை நம்பாதவர், அக்கா கண்ட கனவு என்றால் நம்புவார். அவரை ஆறு கொண்டுபோவதாக நீங்கள் கனவு கண்டதாகப் போனில் சொல்லுங்கள். நான் எழுதியது தெரிய வேண்டாம்.

அது முழுப் பொய்யில்லை அம்மா. அந்தக் கனவு எனக்குத்தான் வருகிறது.

அத்தை எழுந்துவிட்டார், பார்த்தால் மாமாவிடம் சொல்லிவிடுவார். இத்துடன் முடிக்கிறேன்.

வெனிங்