ஜன்னல் வலைக்குக் கிரைண்டர் வேணாம்

பிரேமினி அப்பா,

ரொட்டியும் சம்பலும் சட்டியில மூடி வச்சிருக்கேன். தின்னுட்டு உடனே படுத்துறாதீங்க. அந்த ஜன்னல்ல அடிச்ச இரும்பு வலைய இன்னைக்கு வெட்டியே ஆகணும்.

நம்ம நாயச் சிறுத்தை தூக்கிட்டுப் போன பயத்துலதான் அடிச்சீங்க, நான் குத்தம் சொல்லல. ஆனா கீழ் லயத்து வீடுங்க எரிஞ்சப்ப ராசம்மாக்கா ஜன்னலால குதிச்சுத்தானே தப்பிச்சாங்க? நமக்குக் கதவுப் பக்கந்தான் அடுப்பு. நீங்க தேயிலை ஃபெக்டரியில நைட் வேலை. உள்ள கெடக்குறது நானும் புள்ளையும்.

"இரும்பு வெட்டுற கிரைண்டர் கெடைக்கட்டும், ஒரு நிமிசத்துல வெட்டித் தாறேன்"னு நேத்தும் கத்துனீங்க. கிரைண்டர் வேணாங்க. ஜன்னலச் சுத்திப் பலகைத் தட்டி, கீழ மெத்தை. ஒரு பொறி பட்டா என்னாகும்? விடியக்காலையில நானே ஹெக்ஸோ பிளேடால அறுத்துப் பாத்தேன். வலையோட கண்ணுக்குக் கண்ணு சிக்கி பிளேடுப் பல்லு ஒடஞ்சதுதான் மிச்சம். அதுக்கு ஏசாதீங்க.

நிப்ராஸ் நானா கடையில தகரம் வெட்டுற கத்தரி எரவல் தந்தாரு. கட்டிலுக்குக் கீழ இருக்கு. ஒவ்வொரு கம்பியா வெட்டுனா பொறி இல்லாம வந்துருமாம். வெட்டுன மொனை கிழிக்கும், கையில சாக்கு சுத்திக்குங்க.

பிரேமினியப் புள்ளக் காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு, பெரட்டுல பேர் குடுத்துக் கொழுந்தெடுக்கப் போறேன். நேத்துப் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க.

யோகா

சொல்ல மறந்துட்டேன். ரொம்ப அலுப்பா இருந்தா, புள்ளைய வெளிய குடுக்குற அளவுக்கு மட்டும் இன்னைக்கு வெட்டுங்க. எனக்கு வேண்டியத நாளைக்கு வெட்டிக்கலாம்.